மூன்றாம் மாடிக் கொலைகாரனைத் தேடித் திருப்பூருக்கு

திருப்பூருக்கு நான் போனது கோயில் திருவிழாவுக்கு டீசட்டை வாங்க. விசா வாங்கப் போன இடத்திலிருந்து பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா வரைக்கும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் போனது ஒரு கொலைகாரனைப் பிடிக்க.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்காரர் ஆறுமுகம், கடல் தாண்டி இருக்கும் எங்கள் ஊரான தைப்பிங்கில் டாக்சி ஓட்டுகிறார். நெஞ்சில் அடைப்பு இருக்கிறது, திறந்துதான் சரி செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுக்க விடாமல் தினம் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளி கழியட்டும் என்றார். தீபாவளி கழிந்தது. டாக்சிக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும் என்றார். அடித்தாயிற்று. கடைசியில் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் கொலையப் பண்ணது யாருன்னு தெரியாம நான் போய் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், தமிழ்நாட்டிலிருந்து கட்டுக் கட்டாக வரும் மாத நாவல்களை நானும் அவரும் போட்டி போட்டுப் படிப்போம். அதில் ஒன்று 'மூன்றாம் மாடி மணியோசை'. எழுதியவர் பெயர் கோடைமேகன். ஊட்டியில் ஒரு விடுதி, மூன்றாம் மாடியில் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார், கூப்பிடு மணி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. சந்தேகம் ஒரு பாடகி மேல், ஒரு கம்பவுண்டர் மேல், இன்னும் இரண்டு பேர் மேல். கடைசிப் பக்கத்தில் 'இறுதிப் பாகம் அடுத்த மாதம்' என்று போட்டிருந்தது. அந்த அடுத்த மாதம் இன்றுவரை வரவில்லை. பதிப்பகத்தையே மூடிவிட்டார்களாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. பாடகிதான் என்பேன் நான். கம்பவுண்டர்தான் என்பார் அவர். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள், வழக்கு மட்டும் போகவில்லை. அவர் இப்போது அதைப் பிடித்துக்கொண்டு நின்றது கதை மேல் உள்ள ஆசையால் இல்லை என்று எனக்குத் தெரியும். மனிதருக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கம். எனக்கும் பயம்தான், நான் கத்தித் தீர்த்துக்கொள்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடைமேகன் எழுதுவதை விட்டுவிட்டுத் திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று சென்னைப் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் எங்கள் உறவுக்காரரிடம் எப்போதோ சொல்லியிருந்தார். கோயிலுக்கு டீசட்டை வாங்க ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். இனி இவருக்குச் சாக்கு இருக்கக்கூடாது.

திருப்பூரில் முதலில் கண்ணில் பட்டது கயிறுதான். சந்து, மொட்டைமாடி, வேலியோரம், எங்கே பார்த்தாலும் கயிறு கட்டித் துணி காய்கிறது. எங்கள் தைப்பிங்கில் மதியமானால் மழை கொட்டும். ஒரு துண்டு காய்வதற்குள் அது யாருடைய துண்டு என்பதே மறந்துவிடும். இங்கே காலையில் போட்ட போர்வை நான் பசியாறி முடிப்பதற்குள் மொடமொடவென்று நிற்கிறது. பொறாமையாக இருந்தது. வந்த வேலையை விட்டுவிட்டு என் புடவைகளை எல்லாம் துவைத்துப் போட்டேன்.

இரண்டாவதாகக் கண்ணில் பட்டவை சட்டை வாசகங்கள். வெளிநாட்டுக்கு ஏற்றாமல் கழித்துப்போட்ட டீசட்டையை எல்லாம் ஊரே போட்டுக்கொண்டு திரிகிறது. பஸ் ஸ்டாண்டில் மீசை முறுக்கிய ஒரு பெரியவர் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு நின்றார். அவர் ரோஸ் நிற டீசட்டையில் 'மணப்பெண்ணின் தோழி நான்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்து பேக்கரியில் டீ போட்டவர் நெஞ்சில் 'என்னை முத்தமிடு, நான் ஐரிஷ்காரன்'. சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குப் புரையேறிவிட்டது. அவர் பதறிப்போய், "மெதுவாங்க, மெதுவாக் குடிங்க, சூடுங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் இழுத்து ஆற்றும் தே தாரிக் அளவுக்கு நுரை இல்லை, ஆனால் கூடவே கிடைத்த தேங்காய் பன்னுக்காக அதை மன்னித்துவிட்டேன்.

அங்கேயே விசாரணையைத் தொடங்கினேன். "ஏங்க, இந்த ஊர்ல கதை எழுதுறவர் ஒருத்தர் பனியன் கம்பெனியில வேலை பாக்குறாராம், தெரியுமா?"

"எந்தக் கம்பெனிங்க?"

"அதுதான் தெரியாது."

ஐரிஷ்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏனுங்கக்கா, இங்க ஊட்டுக்கு ஊடு கம்பெனிங்க. நீங்க எங்கைன்னு போயித் தேடுவீங்க? இன்னொரு பன்னு சாப்புடுங்க."

ஆட்டோக்காரரிடம் கேட்டேன், லாட்ஜில் கேட்டேன். யாரும் தெரியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை. விசாரிக்கிறேனுங்க, பார்க்கலாமுங்க, கிடைப்பாருங்க. இத்தனை மரியாதையான இல்லையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மறுநாள் டீசட்டைக் கம்பெனிக்குப் போகவேண்டும். அது மங்கலம் ரோட்டில் இருந்தது. நான் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, ஜம்மென்று உட்கார்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் இரண்டு வடநாட்டுப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். சினிமா பார்த்துக் கற்ற இந்தி எனக்குக் கொஞ்சம் வரும். ஒருவன் சொன்னான்: "அம்மாவுக்கு போன் போட்டேன். இட்லி எப்படி இருக்கும்னு கேட்டா. தலைகாணிக் குட்டி மாதிரி இருக்கும்னு சொன்னேன்." மற்றவன் சொன்னான்: "சாம்பாரைப் பத்திச் சொல்லாதே, பாவம், அழுதுடுவா." நான் சிரித்ததைப் பார்த்து இரண்டு பேரும் வெட்கப்பட்டு இறங்கிப் போனார்கள்.

இந்த வேடிக்கையில் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வரும்போதுதான் தெரிந்தது, அது அவிநாசி போகும் பஸ் என்று. நான் போகவேண்டியது வேறு திசை. என்னைவிட அவர்தான் நொந்துபோனார். "அடடா, ஏறும்போதே நான் கேட்டிருக்கோணுமுங்க" என்று தன் தப்பு மாதிரி புலம்பினார். பிறகு, "செரி உடுங்க, அவிநாசி சாமி கூப்புட்டிருக்குதுங்க. கும்புட்டுட்டே போங்க" என்று கோயில் வாசலுக்கு வழிகாட்டி இறக்கிவிட்டார். போனேன். பிரகாரத்தில் கல் கால் சுட்டது. சாமியிடம் நான் சுற்றி வளைக்கவில்லை. 'அந்த மனுஷனைக் காப்பாத்து, இல்லாட்டி அந்த எழுத்தாளனையாவது காட்டு' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பெனி முதலாளி பொன்னுசாமி குண்டடத்துக்காரர். ஊரில் இன்னும் காடு தோட்டம் இருக்கிறது. நான் போனபோது போனில் யாரோ இத்தாலிக்காரருடன் ஆங்கிலத்தில் நூல் விலை பேசிக்கொண்டிருந்தார். வைத்ததும் இன்னொரு போனில் எருமை கன்று போட்டதா என்று கேட்டார். "வாங்க வாங்க. மொதல்ல சாப்புடோணும். பேச்செல்லாம் பொறவு" என்று உட்கார வைத்துவிட்டார். அவர் வீட்டிலிருந்து வந்த அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை விட்டுக் கையில் கொடுத்தார்கள். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தது, வேறு ஒன்றுமில்லை. நான் இரண்டு தட்டு தின்றேன். ஊருக்கு வந்த பிறகு நானும் செய்து பார்த்தேன், எங்கள் வீட்டில் அதற்குக் கஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என் டீசட்டை மாதிரியைப் பார்க்க செக்கிங் பிரிவுக்கு அழைத்துப் போனார். நீளமான மேசை, தலைக்கு மேல் வரிசையாக டியூப்லைட், இரு பக்கமும் பெண்கள். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் விரித்து, புரட்டி, இழுத்துப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். தப்பில்லாதது பாஸ். சரிசெய்யக் கூடியது ஆல்ட்டர். ஒன்றும் செய்ய முடியாதது ரிஜெக்ட். சரஸ்வதி என்ற அவிநாசிப் பெண்தான் அங்கே தலைவி. என் மாதிரியைக் கையில் எடுத்தாள், ஒரு நொடி பார்த்தாள், அதில் அச்சடித்திருந்த முருகன் மேல் ஒரு அம்பை ஒட்டினாள்.

"வேலு எடது கையில இருக்குதுங்கக்கா. ஸ்கிரீனைத் திருப்பி வெச்சு அடிச்சுப்போட்டாங்க."

அந்த மாதிரியின் போட்டோவை எங்கள் கோயில் கமிட்டி மொத்தமும் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பெண்கள் மேசைக்கு அடியிலிருந்து புத்தகங்களை எடுத்தார்கள். பழைய மாத நாவல்கள். ஒன்றை எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இது என்னடியம்மா?" என்றேன்.

ஜெபமணி என்று ஒருத்தி, சாத்தான்குளத்துக்காரி, விளக்கினாள். "தப்புக்கு ஒட்டியிருக்கோம்க்கா. இங்க பாருங்க, கார் கெளம்பும்போது வெள்ளக் காரு, ஊர் போய்ச் சேரும்போது கருப்புக் காரு. நடுவுல பெயின்டா அடிச்சாவ?"

"அடிக்கறதுக்கு நேரமிருக்கோணுமில்ல" என்றாள் சரஸ்வதி. "இந்த ஆளுக்குக் கணக்கே வராதுங்கக்கா. எந்தப் பொஸ்தகத்தை எடுத்தாலும் நேரம் ஒதைக்கும்."

அட்டையைத் திருப்பினேன். கோடைமேகன்.

இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மார்க்கிங் அண்ணன் கொண்டுவந்து கொடுப்பார் என்று கதவுப் பக்கம் காட்டினார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒல்லியாக ஒருவர் குந்தியிருந்து, மை தொட்டுப் பெட்டி மேல் துறைமுகத்தின் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஞானதுரை என்று பெயர். தெற்குப் பக்கத்து ஆள். ஓடிப்போய்ப் புத்தகம் ஏது என்று கேட்டேன். "பழைய பேப்பர் கடையில வாங்குனதும்மா" என்றார், தலை நிமிராமல்.

"அப்போ 'மூன்றாம் மாடி மணியோசை' ரெண்டாம் பாகம் அங்கே கிடைக்குமா?"

"அது வரல."

எனக்கு ஏமாற்றத்தில் கோபம் வந்துவிட்டது. "வராட்டி என்ன? எனக்குத்தான் தெரியுமே, கொன்னது அந்தப் பாடகிதான்னு. சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். அதைச் சொல்ல ஒரு ரெண்டாம் பாகம் வேற."

அவர் எழுதிக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைத்தார். "பாடகி எப்படிம்மா கொல்லுவா? அவளுக்கு வலது கை வெளங்காதே! அதை மறைக்கத்தானே கையுறையே போட்டிருக்கா!"

நான் அவரையே பார்த்தேன். "இது முதல் பாகத்துல இல்ல. எனக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம்."

மனிதர் திருதிருவென்று விழித்தார். பின்னாலேயே வந்திருந்த சரஸ்வதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா! நீங்களா? கணக்கு வராதுன்னு உங்க முன்னாடியே இத்தன நாளாப் பேசிட்டு இருந்தமே!"

"அதுக்குத்தாம்மா சொல்லல" என்றார் அவர். "சொன்னா நீங்க அம்பு ஒட்டுவியளா? நல்லாருக்குண்ணேன்னு சொல்லிப் புத்தகத்த மூடி வச்சிருவிய. நான் எழுதுன காலத்துல இப்படி எவன் உக்காந்து படிச்சான்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீட்டுக்காரரின் நெஞ்சு, டாக்டர் சொன்னது, இவர் பிடிக்கும் அடம். "நான் நாளை மறுநாள் கிளம்பணும். கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "எனக்கும் தெரியாதும்மா. பாடகி இல்லன்னு தெரியும். யாருன்னு ரெண்டாம் பாகத்துல பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன். அதுக்குள்ள பதிப்பகத்தை மூடிட்டு மொதலாளி போயிட்டாரு."

இதற்குத்தானா கடல் தாண்டி வந்தேன்! வந்த ஆத்திரத்தில் அந்த மைக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவரே, "ஒரு நாள் குடுங்க, முடிச்சுத் தாரேன்" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றோம். பொன்னுசாமி கூட எருமையை மறந்துவிட்டு வந்திருந்தார். ஞானதுரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: கொன்றது கம்பவுண்டரின் இரட்டைப் பிறவித் தம்பி.

ஜெபமணி ஒரு அம்பைக் கிழித்து எடுத்து அவர் சட்டைப் பையில் ஒட்டினாள்.

"ரெட்டப்பிள்ளன்னா மொதப் பாகத்துல ஒரு பேச்சாவது வந்திருக்கணும்லாண்ணே. திடுதிப்புனு தம்பிய எறக்குனா?"

"ஆல்ட்டர்" என்றாள் சரஸ்வதி.

நான் குறுக்கே விழுந்தேன். "போதும்மா, தம்பியே இருக்கட்டும். கம்பவுண்டர் குடும்பம்னா எங்க வீட்டுக்காரருக்கும் பாதி ஜெயிச்ச மாதிரி இருக்கும். நாளைக்குக் காலையில நான் போகணும்."

சரஸ்வதி மறித்துவிட்டாள். "ஏனுங்கக்கா, ஆப்பரேசனுக்குப் போற மனுசனுக்கு டேமேஜ் பீசையா குடுத்து உடுவீங்க? அவரு கண்டுபுடிச்சுப்போட்டாருன்னா பொறவு என்னத்தச் சொல்லிப் படுக்க வெப்பீங்க? நாங்க உடமாட்டமுங்க."

உண்மைதான். அந்த மனுஷன் சும்மா விடமாட்டார். தம்பி எங்கே வந்தான், எந்தப் பக்கம் என்று குடைந்தெடுத்து, கடைசியில் டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அன்று ராத்திரி லாட்ஜில் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக சண்டை போட அவர் இல்லாத ஒரு வீட்டை நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்படியே துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

புறப்படும் நாள் காலை, பெட்டியோடு கம்பெனிக்கு வந்து நின்றேன். வேலை தொடங்கும் முன் அந்தச் செக்கிங் மேசையில் 'மூன்றாம் மாடி மணியோசை' விரித்து வைத்திருந்தது, பெண்கள் எப்போதோ அம்பு ஒட்டித் தள்ளிய பிரதி. ஞானதுரைக்குக் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"நீங்க ஒட்டுன அம்பை எல்லாம் வரிசையாப் பாத்தேன்" என்று பெண்களிடம் சொன்னார். "நேரம் தப்புன்னு ஒட்டியிருக்கிய. சட்டைக் கலரு மாறிப்போச்சுன்னு ஒட்டியிருக்கிய. பூட்டுன கதவு தொறந்து கெடக்குன்னு ஒட்டியிருக்கிய. எல்லாம் நான் கவனிக்காம விட்ட தப்புதான். ஆனா கேளுங்க. அதெல்லாம் தப்பில்ல, நெசமாவே அப்படித்தான் நடந்துதுன்னு வச்சா, எல்லா அம்பும் ஒரே ஆளைத்தான் காட்டுது."

யார் என்று சொன்னார்.

சரஸ்வதி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஒரு அம்பைப் பார்த்தாள், யோசித்தாள், நகத்தால் உரித்தாள். அடுத்ததைப் பார்த்தாள், உரித்தாள். ஜெபமணி மறுபக்கத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். பொன்னுசாமி அடித்த போனை எடுக்காமல் நின்றார். கடைசி அம்பையும் எடுத்துவிட்டு சரஸ்வதி புத்தகத்தை மூடினாள்.

"பாஸுங்கண்ணா" என்றாள்.

மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள் பாருங்கள், தையல் பிரிவிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். கம்பெனிக்கே டீயும் பப்ஸும் சொன்னார் பொன்னுசாமி. ஞானதுரை அங்கே நிற்க முடியாமல் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டார். பிறகு வந்து, "அண்ணன்ட்ட சொல்லுங்க, லேட்டானதுக்கு மன்னிச்சுக்கிடணும்னு" என்றார். அது பாடகியும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. நாங்கள் இரண்டு பேருமே தோற்றுவிட்டோம். யார் என்பதை இங்கே எழுத முடியாது, இந்தக் கட்டுரையை முதலில் படிக்கப் போகிறவர் எங்கள் வீட்டுக்காரர்.

அவருக்கு இன்னும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். தெருமுனையில் இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். என் கைப்பேசி அந்த ஊரில் செத்துக் கிடந்தது. பூத்தை நடத்துவது ஒரு வயதான அம்மா. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணி அடித்ததுமே வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன். "ஆளைப் பார்த்தேன், கதையை முடிச்சாச்சு, அம்பெல்லாம் உரிச்சாச்சு. நீங்க சொன்ன ஆளும் இல்ல, நான் சொன்ன ஆளும் இல்ல. கேளுங்க, கொன்னது..."

"நிறுத்து" என்றார்.

"என்ன நிறுத்து? இதுக்குத்தானே வந்தேன்!"

அவர் தொண்டையைச் செருமினார்.

"இப்பச் சொல்லாதலா. எனக்கு உள்ளுக்குள்ள ரொம்பப் பயமா இருக்குடி. தெரிஞ்சிட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு, கண்ணை மூடிட்டுப் போயிடுவேன். நீ வந்து டாக்டர்கிட்டத் தேதி வாங்கு. நான் அறுத்துக்கிட்டு எழுந்து வரேன். எழுந்ததும் சொல்லு."

"சரி" என்று மட்டும் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் கூண்டுக்குள் நின்றேன். பூத்து அம்மா கதவைத் திறந்து என் தோளைத் தொட்டார்.

"ஏன் கண்ணு, இப்புடி அழுகறே? ஊட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லம்மா" என்றேன். "எங்க வீட்டுக்காரர் பொழைச்சு வரேன்னு சொல்றாரு."